பேச ஆளில்லாத முதுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான முதியோர் நலக் கட்டுரையில், நல்லதொரு பொழுதுபோக்கைப் பழகிக்கொண்டவருக்கு முதுமையில் தனிமையே கிடையாது என்றொரு வரி இருந்தது. கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. மாடித்தோட்டம், பக்திப் புத்தகங்கள், கைபேசியில் பேரப்பிள்ளைகளின் முகம் என்று அவர் அடுக்கியவை எல்லாம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. தனிமையும் கூடவே இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர், மனைவி காலமானதிலிருந்து தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பணம் மாதம் தவறாமல் வருகிறது. ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பும் வருகிறது. காது மந்தமாகிவிட்டதால் பேரன் பேசுவதில் பாதி அவருக்கு எட்டுவதில்லை. எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வைத்துவிடுகிறார். கல்யாணம், காது குத்து என்று யார் அழைத்தாலும் போவதை நிறுத்திவிட்டார். ஆனால், வாசலிலேயே பால் போட ஆள் இருந்தும், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பால் பூத்துக்கு நடக்கிறார். ஒருவருக்கு இவ்வளவு பால் எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பையன் ரெண்டு வார்த்தை பேசுவாம்மா" என்றார். இவருக்கு எந்தப் பொழுதுபோக்கைப் பழக்கிக்கொடுப்பது?

அந்த இரண்டு வார்த்தை கிடைத்துவந்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவருவது தாங்கள் அறியாததல்ல. நான் ஓய்வூதியம் வாங்கும் வங்கியில் முன்பெல்லாம் கவுன்டரில் இருப்பவர் பாஸ்புக்கைக் கையில் வாங்கி, முட்டிவலி எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் பதிவு போட்டுத் தருவார். இப்போது சுவரோரம் ஓர் இயந்திரம் நிற்கிறது. பாஸ்புக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்று தெரியாமல், அது வெளியே தள்ளத் தள்ள மறுபடி செருகிக்கொண்டு நின்ற மூதாட்டி ஒருவரிடம், "அதிலேயே போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் ஊழியர். மின்கட்டணமும் கைபேசிக்குள் போய்விட்டது, கேஸ் சிலிண்டர் பதிவதும் போய்விட்டது. இளையவர்களுக்கு நேரம் மிச்சம் என்பதை நான் மறுக்கவில்லை. எங்களுக்கு மிச்சமாகும் நேரத்தை யாரிடம் கழிப்பது என்றுதான் ஒருவரும் யோசிக்கவில்லை.

உறவினரைப் போய்ப் பார்க்கலாமே என்பார்கள். ரயிலில் மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகையைக் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நோய்க்காலம் போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. உடன்பிறந்தாளைப் பார்க்க வருடத்துக்கு இருமுறை போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது சாவுச் செய்திக்குத்தான் கிளம்புகிறார்கள். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பணத்தைத்தான் அது வாங்கித் தரும், பக்கத்தில் வந்து உட்கார வைக்காது. அதிலும், பணம் அனுப்பிவிடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு முறையிடவும் வழியில்லை, வெளியில் சொல்லவும் வாய் வராது.

தனிமை உலகில் ஆறு பேரில் ஒருவரை வாட்டுகிறது என்றும், ஆண்டுதோறும் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டனில் 2018இலேயே இதற்கென்று ஓர் அமைச்சருக்குப் பொறுப்பளித்தார்கள். இங்கோ, செடி வளர்க்கச் சொல்கிறோம். நம் மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், முதியோர் பகல் பொழுதில் கூடியிருக்க 25 அன்புச்சோலை மையங்களை அறிவித்தது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், 2011 கணக்கெடுப்பின்படியே 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 75 லட்சம் பேர் உள்ள தமிழ்நாட்டில் 25 மையங்கள் எந்த மூலைக்கு? ஊருக்கு ஊர் இருக்கும் கிளை நூலகங்களில் மாலையில் இரண்டு மணி நேரம் பத்து நாற்காலி போட்டு, முதியவர்கள் வாய்விட்டுப் பேச ஓர் அறை ஒதுக்கினால் பெரிய செலவும் ஆகாது.

தங்களிடம் நான் கேட்பது சிறியதுதான். முதியோருக்கான இலவச உதவி எண் 14567 இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியவில்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அதில் பேசலாம். அந்த எண்ணையும், தொடங்கப்பட்டுள்ள பகல்நேர மையங்களின் முகவரிகளையும் இதழ்தோறும் இந்தக் கடிதப் பக்கத்தின் ஓரத்தில் வெளியிட வேண்டுகிறேன். கண்புரையோடு படிப்பவர்களுக்கும் தெரியும்படி எழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.