கார்டு அலமாரியும் தேடல் பெட்டியும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியோடு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நான்தான் பதில் போடச் சோம்பிவிட்டேன். பேத்தி காதுகுத்துக்கு வராததற்குத் திட்டியிருந்தாய். திட்டு நியாயம்தான். அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் கிளை நூலகத்தில் கணினிப் பட்டியல் வேலை தலைக்கு மேல் ஏறி நின்றது.

ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். வாரத்தில் மூன்று நாள் சும்மா போகிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. புதிதாக வந்திருக்கும் நூலகர் சின்னப் பையன், கெட்டிக்காரன். நூலகப் பட்டியலை நிர்வகிக்கும் கோஹா மென்பொருளை அவனே நிறுவிவிட்டான். நியூசிலாந்தில் ஒரு நூலகம் தன் தேவைக்காக எழுதச் சொல்லி, 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பாம். பெயருக்கேற்ப இலவசம்.

மென்பொருள் இலவசம். ஆனால் உள்ளே போடும் பட்டியலை யாரும் இலவசமாகத் தரவில்லையே! பல வருடமாகப் பல பேர் தட்டச்சு செய்தது. ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் உ.வே.சா. பதிப்பு ஒன்றைக் கேட்டாள். தேடினால் இல்லை என்கிறது. நானோ அலமாரியில் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து தோண்டினோம். அந்த ஒரு மனிதர் ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’, ‘சுவாமிநாதையர்’, ‘உ.வே.சா.’ என்று நாலைந்து பேராகப் பிரிந்து கிடக்கிறார். முன்னெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டாலே சில இடங்களில் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது?

நாம் புத்தகத்துக்கொரு பட்டியல் கார்டு எழுதிய காலத்தில் இதற்குத்தானே ‘காண்க’ அட்டை போட்டோம்? ‘விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்’. உன் முத்து முத்தான கையெழுத்தில் எத்தனை எழுதியிருப்பாய்! அந்த அலமாரியைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள். நான் குறுக்கே நின்று தடுத்து, இப்போது அதை வைத்துத்தான் கணினிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். சிரிக்காதே.

இன்னொரு கூத்து. பல வருடம் முன்பு ஓர் அலுவலகத்தில் பட்டியலை ஏற்றி ஒரு சிடி கொடுத்தார்கள். திறந்தால் டாலர் குறியும் கேள்விக்குறியுமாக வருகிறது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறிமுறை. தமிழ்நாடு அரசு எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறிமுறையை ஏற்று ஆணை போட்டது 2010-ல்தான். அதற்கு முன்பு அடித்ததையெல்லாம் மாற்றியாக வேண்டும். பாதிக்கு மேல் மீட்டோம்.

பெரிய இடங்களிலும் இதே வேலைதான், அளவுதான் வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா வீடு நிறையச் சேர்த்த நூல்தொகுப்பு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது உனக்குத் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூற்றாண்டு பழைய பதிப்பை வீட்டிலிருந்தே புரட்டலாம். ஆனால் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினால் பார்க்கத்தான் முடியும், உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் வைத்து மாற்றலாம் என்றால், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த லை, ணை, னை வந்ததும் அது திணறுகிறது. விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். நானும் ராத்திரி ரெண்டு பக்கம் பார்ப்பேன். தூக்க மாத்திரையை விட மேல்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த செய்தியை 1981-ல் விடுதியில் நாம் பேப்பரில் படித்தது நினைவிருக்கிறதா? சுமார் 97,000 நூல்கள். அவற்றில் வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் உண்டு. ஈழத்து நூல்களைச் சேமிக்க 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுதி அறைதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், “எல்லாம் போனிலேயே இருக்கிறது, இனி கட்டடம் எதற்கு?” என்று எழுதியிருந்தாய். எல்லாம் எங்கே இருக்கிறது? எழுத்தாளர் காலமாகி அறுபது வருடம் காப்புரிமை ஓடும். நாட்டுடைமையானவை நீங்கலாக, நேற்று வந்த நாவலை முறைப்படி இலவசமாகப் படிக்க இன்னும் நூலகம்தான் வழி. உன் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பார். கட்டுகிறாய் அல்லவா, வந்து படி!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நம் புத்தகத்தைத் தொடுவதில்லை. டிஎன்பிஎஸ்சி கைடைத் தாங்களே கொண்டுவந்து, பிளக் பாயின்ட் பக்கத்து நாற்காலிக்குச் சண்டை போடுகிறார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு பையனிடம் கேட்டேன். ஒற்றை அறை வீடு, டிவி ஓடிக்கொண்டே இருக்கும் என்றான். மறுநாள் நானே என் காசில் இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டேன்.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. பழைய வாரப் பத்திரிகைக்காரர்களின் புனைபெயர்கள் உன் தலைக்குள் இருக்கிற அளவுக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. யார் யார் எந்தெந்தப் பெயரில் எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி அனுப்பு. சந்தேகமானதற்குப் பக்கத்தில் பழையபடி பென்சிலில் ஒரு கேள்விக்குறி போடு. பையன் ‘காண்க’ போடக் காத்திருக்கிறான்.

முழங்காலுக்கு முடக்கத்தான் ரசம் வைத்துப் பார்த்தாயா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய கார்டுக்காரன்