செயலாளரின் ஆண்டறிக்கை: கால்வாய்க்கரைப் பசுமை வழித்தடம்

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சந்தா, தெருவிளக்கு, குப்பை என்று வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பூங்காவையும் குளத்தையும் கால்வாய்க்கரை வழியாக இணைக்கும் பசுமை வழித்தடம்தான் இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது, அதனால் அறிக்கையும் அதைப் பற்றியே.

மரம் நட இத்தனை கூட்டம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மரம் நடுவது வேறு, வழித்தடம் அமைப்பது வேறு. பூங்கா எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அதற்கும் குளத்துக்கும் நடுவில் வெறும் தார்ச்சாலை கிடந்தால் ஒரு தவளைகூட உயிரோடு போய்ச் சேராது. கரையோரம் நடந்து பார்த்தோம். சாலை குறுக்கிடும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பசுமை அறுந்துபோகிறது. பாலத்தடியில் இரண்டு சுவருக்கும் இடையே தண்ணீர் மட்டும்தான், கால் வைக்க ஓரமே இல்லை. அங்கே ஒரு முழ அகலத்துக்கு நனையாத திட்டு விட்டாலே சின்ன விலங்குகள் சாலைக்கு ஏறாமல் அடியிலேயே கடந்துவிடும். நம் வரைபடத்தில் முதலில் குறித்தது இதைத்தான்.

அப்புறம் தண்ணீர். கரையைக் கான்கிரீட் போட்டு நேராக்கினால் வெள்ளம் சீக்கிரம் வடியும் என்கிறார்கள். வடியும், சரி, ஆனால் அதே வேகத்தில் கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் போகும். சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். பெருமழையில் புல்வெளி ஆற்றுக்கு, மற்ற நாளில் மக்களுக்கு. நாமும் கேட்பது சரிவான கரைதான்: தண்ணீரோரம் கோரையும் நாணலும், மேலே புதர், மேட்டில் மரங்களும் நடைபாதையும். தென் கொரியத் தலைநகர் சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து 2005-இல் திறந்த சியோங்கேசியோன் ஓடை மாதிரி செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். அழகானதுதான். ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதியைப் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். மழைநீரை மண்ணில் பிடித்து வைக்கிற ஏற்பாடே நமக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எந்த மரம் என்பதில்தான் விவாதம் நீண்டது. கரை முழுக்க ஒரே பூமரம் வரிசையாக நின்றால் கண்ணுக்குக் குளிர்ச்சி, மறுக்கவில்லை. ஒரு பூச்சியோ நோயோ வந்தால் வரிசை மொத்தமும் போய்விடும், அமெரிக்க நகரங்களில் எல்ம் மரங்கள் அப்படித்தான் தெருத்தெருவாக அழிந்தன. மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20, ஒரே குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30 என்று அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமர் 1990-இல் சொன்ன கணக்கையே குழு ஏற்றுக்கொண்டது. விளக்குகள் கீழ்நோக்கி, மஞ்சள் ஒளியில் இருக்க வேண்டும் என்பதும் முடிவானது. இரவில் வெளவாலும் பூச்சியும் புழங்கும் பாதை அது.

பராமரிப்புதான் இன்னும் பாக்கி. கொலம்பியாவின் மெடெயின் நகரில் 30 பசுமை வழித்தடங்கள் அமைத்தபோது, நகரத்து ஏழை மக்களில் பலருக்குத் தோட்ட வேலை பழக்கி அவர்களையே பராமரிப்புக்கு அமர்த்தினார்கள். நம் மதிப்பீட்டில் நடும் செலவு மட்டுமே இருக்கிறது, முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி இல்லை. அதைச் சேர்க்காமல் ஒரு கன்றும் நட வேண்டாம் என்ற தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.