சிறிய பவளத் தொட்டியில் எவற்றைச் சேர்த்து வளர்ப்பது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக, பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடல் மீன்களும் பவளங்களும் விற்கும் எங்கள் கடையில் ஒரு மீனை வலையில் பிடித்துத் தருவதற்கு முன்னால், தொட்டியின் அளவு என்ன, அது ஓடத் தொடங்கி எத்தனை மாதமாயிற்று, உள்ளே ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சில வேளைகளில், கேட்ட மீனைக் கொடுக்க மறுத்தும் இருக்கிறோம். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தவர்களுக்கு இது வருத்தம் தந்திருக்கும் என்பதை அறிவோம். அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது இரண்டடித் தொட்டிதான். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் என்றால் அது ஏறத்தாழ 65 லிட்டர். மணலும் உயிர்ப்பாறையும் (நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்கள் வாழும் பாறை) இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு உண்மையில் நிற்கும் நீர் 50 லிட்டர் அளவே. கடலில் இரண்டு மீன்கள் மோதிக்கொண்டால் தோற்றது அடுத்த பாறைக்குப் போய்விடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லாததால், ஒரு நாள் சண்டையாக முடிந்திருக்க வேண்டியது வாரக்கணக்கில் துரத்தலாக நீண்டு, தோற்ற மீன் உணவெடுக்காமல் மெலிந்து இறக்கிறது. ஆகவே, "இந்த இரண்டும் ஒத்துப்போகுமா" என்ற கேள்விக்கு, தொட்டியைப் பற்றித் தெரியாமல் நாங்கள் பதில் சொல்ல முடிவதில்லை.

கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். நம் மலேசியத் தீபகற்பக் கடல்களிலும் வாழும் ஒசெல்லாரிஸ் வகை, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டதாக இப்போது கிடைக்கிறது; முதல் மீனாக அதையே பரிந்துரைக்கிறோம். இவை எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது, அடுத்தது அதன் துணையாகிறது, எஞ்சியவை அடங்கிக் கிடக்கின்றன. சிறிய தொட்டியில் அந்த எஞ்சியவற்றுக்கு இடமில்லை. மூன்றாவது மீனை முதல் இரண்டும் சேர்ந்து விரட்டும். எனவே, ஒன்று சற்றே பெரியதும் ஒன்று சிறியதுமான இரண்டு இளம் மீன்களை ஒரே நாளில் வாங்குங்கள். யார் பெரியவர் என்பது முதலிலேயே தீர்ந்துவிடும். அவற்றுக்குக் கடல் சாமந்தி (கொட்டும் இழைகளைக் கொண்ட பூப்போன்ற கடல் உயிரினம்) கட்டாயம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. கடல் சாமந்தி ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்து, வழியிலுள்ள பவளங்களைக் கொட்டும். அலை பம்பில் சிக்கிக் கிழிந்தால் ஒரே இரவில் நீர் முழுவதும் கெட்டுவிடும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த சேர்க்கை, மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. அது நாள் முழுவதும் மணலைத் தோண்டி வளை அமைக்கிறது. கோபி வளையின் வாசலில் காவல் நிற்கிறது. வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையொன்றை மீனின் உடல்மேல் வைத்திருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே மறைந்துவிடும். 50 லிட்டர் நீரில் இதைவிட நிறைவான காட்சியை நாங்கள் கண்டதில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பாறைகளை மணலின்மேல் அல்லாமல், தொட்டியின் அடிக்கண்ணாடியின்மேல் அமர்த்திய பிறகு மணலை இடுங்கள், இல்லையேல் இறால் தோண்டத் தோண்டப் பாறை சரியும்.

அமைதியான கோபியை முதலிலும், உரிமை கொண்டாடும் கோமாளி மீன்களைக் கடைசியிலும், இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டும் சேர்க்க வேண்டும். இந்த மூன்று மீன்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நீல டாங் மீன் கடையில் கைவிரல் நீளமே இருந்தாலும் 30 செ.மீ. வரை வளரும், இரண்டடித் தொட்டிக்கு அதைத் தரமாட்டோம். டாம்செல் மீன்கள் விலை மலிவு, ஆனால் வளர்ந்தபின் மற்ற எதையும் வாழவிடுவதில்லை. மாண்டரின் மீனைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டும். அது எவரோடும் சண்டையிடாது என்பதால், முன்பு ஒருமுறை இரண்டு மாதமே ஆன தொட்டிக்கு ஒன்றை விற்றோம். அது பாறைகளில் வாழும் கோப்பெபாட் போன்ற மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுவதும் பொறுக்கித் தின்பது. சிறிய தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். வயிறு ஒட்டிய நிலையில் அந்த மீனின் படத்தை அதை வாங்கியவர் அனுப்பியபோது காலம் கடந்திருந்தது. நாங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பவளங்களும் அசையாத அலங்காரப் பொருள்கள் அல்ல. கலாக்ஸியா போன்றவை இரவில் மெல்லிய நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி, ஒரு சாண் தொலைவிலுள்ள பவளத்தையும் எரித்துவிடும். லெதர் பவளங்கள் நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டே அண்டை பவளங்களின் வளர்ச்சியை ஒடுக்கும். ஆகவே காளான் பவளம், சோவாந்தஸ் போன்ற எளியவற்றை இடைவெளி விட்டு வையுங்கள். சோவாந்தஸ் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டாதீர்கள், அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பமாக மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

துப்புரவு இறால் ஒன்று, நத்தைகள் நான்கைந்து போதும். துறவி நண்டுகள் வேண்டுமென்றால் காலி ஓடுகளையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையேல் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும். வெண்புள்ளி நோய்க்கான செம்பு மருந்து இறால், நத்தை, பவளம் அனைத்தையும் கொன்றுவிடும் என்பதால், பவளத் தொட்டிக்குள் அதை ஊற்றி மீனைக் குணப்படுத்த வழியில்லை. புதிய மீனை முதலில் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

பினாங்கின் வெப்பத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாவிட்டால் நீர் 30 பாகையைத் தாண்டுவது எளிது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, எனவே எண்ணிக்கையும் குறைவாகவே இருக்க வேண்டும். மின்விசிறி வைத்தால் நீர் விரைவாக ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவை உப்புநீரால் அல்ல, ஆர்.ஓ. நன்னீரால் ஈடுசெய்து, தொட்டி நீரின் ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 1.025-இல் நிறுத்துங்கள்.

அடுத்த முறை வரும்போது தொட்டியின் படத்தையும் ஒரு சிறு போத்தலில் தொட்டி நீரையும் கொண்டுவாருங்கள். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளைக் கட்டணமின்றிச் சோதித்துத் தருவோம். ஒத்துப்போகாத மீன் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், எங்கு வாங்கியதாக இருந்தாலும் எங்களிடம் கொடுங்கள். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
ஜார்ஜ்டவுன், பினாங்கு