தலையும் ஓடும் ஒரே கூடையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 31-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கும் கொட்டகைகள் களைகட்டும், கூடவே நாற்றமும். இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி தலையும் ஓடுமாகக் கழிகிறது. ஓட்டிலிருந்து கைட்டோசன் என்ற நார்ப்பொருளை எடுக்கலாம், ரத்தம் நிறுத்தும் கட்டுத்துணிக்கு அது உதவும் என்றெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். சரக்கு எங்கே கெடுகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

கெடுவது ஆலையில் அல்ல, கூடையில். இறால் செத்த பிறகும் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் ஓய்வதில்லை. தலை கரைந்து வழிந்து, கூடக் கிடக்கும் ஓட்டையும் அழுகவைக்கும். ஆகவே தலைக்கு ஒரு பெட்டி, ஓட்டுக்கு ஒன்று, மீன் குடலுக்கு ஒன்று, மூன்றிலும் ஐஸ்.

அலசிய ஓட்டை 4 சத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரையும். அமிலத்தை ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கித் தொட்டியைத் தாண்டும். தேவைக்கு மேல் ஊறவிட்டால் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற மூலப்பொருளின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, பின்னால் வரும் கைட்டோசன் கரைசல் பிசுபிசுப்பே இல்லாமல் தண்ணீராய் ஓடும். அடுத்து 4 சதக் காஸ்டிக் சோடாவில் 70–80 டிகிரி சூட்டில் புரதத்தை நீக்க வேண்டும். கடைசியாக 40–50 சதக் காஸ்டிக்கில் சூடாக்கினால் கைட்டின் கைட்டோசன் ஆகும். (இந்தக் கடைசி வேலையைத் தாராவிச் சந்தில் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து நினைக்காதீர்கள்.) தேறியதா என்று பார்க்க, ஒரு கிராமை 100 மில்லி 1 சத அசெட்டிக் அமிலத்தில் கலக்குங்கள். அடியில் துணுக்குகள் தங்கினால் காஸ்டிக் வேலை அரைகுறை.

மீன் குடலை அரைத்து, 100 கிலோவுக்கு 85 சத ஃபார்மிக் அமிலம் மூன்றரை கிலோ சேர்த்துத் தினமும் கிளறினால் சில நாளில் கூழாகும், தீவனத்துக்கு ஆகும். பிஎச் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். இறால் ஓடு கலந்திருந்தால் அதன் சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும், கணக்கு பொய்க்கும். கானாங்கெளுத்தி, சூரைக் குடலை வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும். அதற்குப் பிறகு கொதிக்கவைத்தாலும் அமிலம் ஊற்றினாலும் அது போகாது.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம். வெர்சோவாவிலேயே மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சிக்கல் வேறு. உரித்த எடைக்குக் கூலி வாங்கும் பெண், தலையையும் ஓட்டையும் தனித்தனியாகப் போட்டால் வேலை தாமதமாகி அன்று உரிக்கும் எடை குறையும். பிரித்த கழிவுக்கும் கிலோ கணக்கில் காசு வைத்தால்தான் இரண்டாவது பெட்டி நிரம்பும்.

இப்படிக்கு,
மீன்பதனத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
மும்பை