ஓலைப்பெட்டியைத் திறந்து கொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

காவிரிக் கடைமடையில் பண்ணையாட்களாக இருந்த எங்களைப் போன்ற குடும்பங்களின் பெயர்களைப் பழைய ஓலைகளிலிருந்தும் அரசு ஆவணங்களிலிருந்தும் திரட்டும் வேலை ஒருவழியாக ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. இதற்குக் கைகொடுத்தவர்களைப் பொத்தாம்பொதுவாக 'அனைவருக்கும் நன்றி' என்று முடித்துவிட மனம் வரவில்லை.

முதல் நன்றி, தன் வீட்டுப் பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்கிக் கொடுத்த அம்மாவுக்கு. பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், எழுதவில்லை. நிலப் பத்திரம், கோயில் கணக்கு, கல்யாணச் செலவு எழுதிய சிட்டை எல்லாவற்றோடும் ஒரே கட்டில், ஆட்களை விலைக்கு வாங்கியதற்கு எழுதிய அடிமை ஓலைகளும் இருந்தன. நிலத்தை விற்கும்போது எழுதுகிற அதே வாசகம்தான் ஆட்களுக்கும். கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளவரை, பிள்ளை பிள்ளை தலைமுறையாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அப்பன், ஆத்தாள், மூத்த மகள் என்று வரிசையாகப் பெயர்கள். கைக்குழந்தைக்குப் பெயர்கூட இல்லை, 'பால்குடி' என்று மட்டும் இருக்கிறது. விலை மட்டும் எல்லோருக்கும் சேர்த்து.

"எங்க வீட்டுப் பெரியவங்க செஞ்சதுதானே தம்பி. மறைச்சு வச்சு என்ன ஆகப்போகுது, படம் எடுத்துக்குங்க" என்றார் அந்த அம்மா. சொந்தக்காரர்கள் சிலருக்கு அதில் வருத்தம். குடும்ப மானம் போகும் என்று பேசினார்கள். அவர் அசரவில்லை. ஓலை எப்போதும் வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும், விற்கப்பட்டவர் கையில் எதுவும் இருக்காது. ஆகவே எங்கள் முன்னோர் பெயர் எங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், அவர்களை வாங்கியவர்களின் வாரிசுகள் மனசு வைத்தால்தான் உண்டு. அம்மா, நீங்கள் மனசு வைத்தீர்கள். எங்கள் தெருவே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அடுத்து, ஓலைகளைப் படித்துக் கொடுத்த தமிழாசிரியர் ஐயா. விறைத்துப்போயிருந்த ஏடுகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி இளக்கினார், கரியைப் பூசித் துடைத்து எழுத்தை எழுப்பினார். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது, துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் ஐயா ஊகிக்கவே மாட்டார். "அந்த இடத்தை வெறுமையா விடு. செத்தவங்களுக்கு நாம பேர் வைக்கக் கூடாது" என்பார். அந்தக் கண்டிப்புக்கே தனியாக ஒரு நன்றி.

ஆண்டைக் கண்டுபிடித்த பஞ்சாங்க நண்பரையும் மறக்க முடியாது. ஓலையில் விகிருதி வருடம் என்று இருந்தால் அது 1770ஆகவும் இருக்கலாம், 1830ஆகவும் இருக்கலாம். கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்துப் பொறுமையாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டைக் காட்டித் தந்தவரும் அவர்தான். 1201இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டு கட்டாக எடுத்துவந்து வைத்த ஊழியர்களுக்கும் நன்றி. 1819இல் ஆங்கிலக் கம்பெனி அரசின் வருவாய் வாரியம் அடிமைகளைப் பற்றிக் கேட்டதற்குக் கலெக்டர்கள் எழுதிய பதில்களைப் படித்தோம். ஆளை நிலத்தோடு விற்கிறார்களா, தனியாகவும் விற்கிறார்களா என்று அலுவலகக் கடிதத்துக்கே உரிய நிதானத்தோடு எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. 1843ஆம் ஆண்டு அடிமை முறைச் சட்டம் வந்த பிறகு இந்த ஓலைகளைக் காட்டி எந்தக் கோர்ட்டிலும் ஆள் மீது உரிமை கேட்க முடியாது. அப்படியும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பழைய டச்சுக் கையெழுத்தைப் படித்துச் சொன்ன கொழும்புத் தோழிக்கும் நன்றி. நாகப்பட்டினம் 1658இல் டச்சுக் கம்பெனியின் கைக்குப் போனது. அதையடுத்து வந்த தஞ்சைப் பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் கப்பலேறி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் இன்று சென்னை, கொழும்பு, ஜகார்த்தா, கேப் டவுன், ஹேக் என்று சிதறிக் கிடக்கின்றன. கேப் டவுன் பட்டியல்களில் பெயருக்குப் பின்னால் 'வான் கோரமண்டல்', அதாவது சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர் என்று வருகிறவர்கள் நம் கரையிலிருந்து போனவர்கள்.

கடைசியாக எங்கள் அத்தைக்கு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறவரை அவர் வீட்டில் எல்லோரும் பண்ணை வேலைதான். பெயர்ப் பட்டியலை வாசிக்கச் சொல்லி முழுவதும் கேட்டார். "இந்தப் பேரெல்லாம் நம்ம தெருவுல இன்னும் இருக்கே" என்றார். அவர்கள் எங்கள் ரத்தம்தானா என்று ஓலை சொல்லாது. ஆனால் அத்தை அன்றைக்கே அந்தப் பெயர்களைத் தன் பேத்தியிடம் சொல்லி நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

படங்களின் ஒரு படி அந்த அம்மா வீட்டிலும், ஒரு படி எங்கள் தெரு நூலகத்திலும் இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடாதீர்கள். பெயர் வெளியே வராமல் படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், ஓலை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்களே வந்துவிடுகிறோம்.

மிக்க நன்றியுடன்,
பண்ணையாள் குடும்பத்துப் பேரன் ஒருவன்