ஐரோப்பா டூர் நடத்துபவர்களுக்கு: அந்த முதல் நாளை விட்டுவிடுங்கள்

சென்னை, கோவை, மதுரையிலிருந்து கோடை விடுமுறைதோறும் ஐரோப்பாவுக்கு ஆட்களைக் குழுவாக அழைத்துப் போகும் டூர் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பயணங்களில் பல பாரிஸில்தான் தொடங்குகின்றன. விளம்பரத் தாளில் பாரிஸ் வந்து சேரும் நாளுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விமான நிலையத்தில் வரவேற்பு, பேருந்தில் நகர உலா, ஈபிள் கோபுரம் இரண்டாம் தளம், வாசனைத் திரவியக் காட்சியகம், சேன் நதியில் படகு, இந்திய இரவு உணவு, அப்புறம் விளக்கொளியில் பாரிஸ். கல்யாண வீட்டில்கூட ஒரே நாளில் இவ்வளவு வைக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் வந்து இறங்குகிறவர் யார்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய தம்பதி. பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பியிருப்பார்கள். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீனம்பாக்கம் வந்து, விடிவதற்கு முன் விமானம் ஏறி, வளைகுடாவில் ஓர் ஊரில் மாறி, மதியம்போல் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்குவார்கள். கால் வீங்கிச் செருப்பு கடிக்கும். போதாக்குறைக்கு, எல்லையில் முகப்படம் எடுத்துப் பதிவுசெய்யும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. முதல்முறை வருகிறவர்களுக்கு வரிசை அவ்வளவு சீக்கிரம் நகராது. குழுவில் கடைசி ஆள் வெளியே வரும்வரை மற்ற எல்லாரும் பெட்டியோடு நின்றாக வேண்டும்.

நானும் என் பெற்றோரோடு இப்படி ஒரு குழுவில் போனேன். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, எல்லார் தாளும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டிகளைப் பேருந்தின் அடியில் போட்டுவிட்டு நேராக ஊருக்குள் கூட்டிப் போனார்கள். ஹோட்டல் ஊருக்கு வெளியே இருக்கிறது, போய்விட்டுத் திரும்பினால் நேரம் போய்விடும் என்றார் டூர் மேனேஜர். அவர் மேல் தப்பில்லை, பாவம். தாளில் இருப்பதை அவர் முடித்துக் காட்டியாக வேண்டும். கான்கார்ட் சதுக்கத்தில், எகிப்திலிருந்து கொண்டுவந்து 1836-இல் நட்ட கல்தூண் நிற்கிறது. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. 1793-இல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் தலையை வெட்டியதும் அதே சதுக்கத்தில்தான். உள்ளூர் வழிகாட்டி அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் பேருந்தில் பாதிப் பேர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார்கள்.

ஈபிள் கோபுரத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். விமானம் தாமதமானால் அந்த நேரம் போயிற்று, பிறகு ஓட்டமும் கெஞ்சலும்தான். சரியான நேரத்துக்குப் போனாலும் இரண்டு பாதுகாப்புச் சோதனை, அப்புறம் லிஃப்டுக்கு வரிசை. இரண்டாம் தளம் சுமார் 116 மீட்டர் உயரம். உச்சியைவிட அங்கிருந்து பார்ப்பதுதான் நன்றாக இருக்கும் என்பேன், ஒவ்வொரு கட்டடமும் அடையாளம் தெரியும். அதை ஏன் தூக்கக் கலக்கத்தில் பார்க்க வைக்கிறீர்கள்?

இரவு உலா இன்னும் மோசம். நம் பள்ளி விடுமுறையை ஒட்டி மே, ஜூனில்தான் நீங்கள் அதிகம் பேரைக் கூட்டிப் போகிறீர்கள். மே கடைசியில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு 9:30-க்கு மேல் ஆகும். இருட்டியபின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுமினுக்கும். அதை நல்ல இருட்டில் பார்க்க வேண்டுமானால் 11 மணிவரை காத்திருக்க வேண்டும். அப்போது சென்னையில் பின்னிரவு 2:30. அதாவது, முந்தின இரவே சரியாகத் தூங்காத ஆளை இரண்டாவது இரவும் விழிக்க வைக்கிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பேருந்தில் ஓய்வுக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள ஒரே பிரயாணி ஓட்டுநர்தான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் அவர் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். வேலை முடிந்தபின் பொதுவாக 11 மணி நேரம் தொடர் ஓய்வு. வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் என்ற கருவி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே வரும், மீறினால் அபராதம். எங்கள் இரவு உலாவுக்கு வேறு வண்டி, வேறு ஓட்டுநர் வந்தார். முதல் ஓட்டுநர் தூங்கப் போய்விட்டார். எங்களுக்குப் பதில் ஆள் யாரும் வரவில்லை.

பெரியவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் தெருக்களில் நகராட்சியின் தானியங்கிக் கழிப்பறைகள் இருக்கின்றன, இலவசம்தான். ஆனால் ஒவ்வொருவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். ஒரு குழு வரிசையில் நின்றால் கடைசி ஆளின் கதி என்ன? சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் உள்ளவர்கள் பாதிப் பேர் இருக்கும் வண்டியில், போட்டோ எடுக்கப் பதினைந்து நிமிடம், கழிப்பறைக்கு ஐந்து நிமிடம் என்று அறிவிக்கிறீர்கள். விளைவு, அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அவரோடு இன்னும் சில பெண்களும். ஊர் முழுக்கப் பச்சை இரும்பில் வாலஸ் என்னும் குடிநீர் ஊற்றுகள் 1872 முதல் நிற்கின்றன, குழாய்த் தண்ணீரும் தாராளமாகக் குடிக்கலாம். இருந்தும் என்ன பயன்?

முதல் நாளுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் படகை மட்டும் வையுங்கள். ஹோட்டலுக்குப் போய், குளித்து, கால் நீட்டிப் படுத்து எழுந்த பிறகு, சாயங்காலம். சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்தே லூவர் அருங்காட்சியகம், நோத்ர தாம் தேவாலயம், ஓர்சே அருங்காட்சியகம் எல்லாவற்றையும் நதியிலிருந்து பார்த்துவிடலாம். சேன் கரைகளை 1991-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததற்கான காரணமும் அப்படியே கண்முன் தெரியும். இரவு உணவுக்கு அந்த எண்ணெய் மிதக்கும் பனீர் மசாலாவைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். லா ஷப்பல் பக்கம் ஈழத்தமிழர் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. வந்து இறங்கிய அன்று வயிற்றுக்கு இடியாப்பமும் சொதியும் போதும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம் என்பது பெரியவர்களுக்குத் தனித் தெம்பு.

உங்கள் பயமும் புரிகிறது. போட்டி நிறுவனம் முதல் நாளில் ஆறு இடம் போடும்போது நாம் ஒன்று போட்டால் யார் வருவார்? விசாரிக்கிறவர்களும் "எத்தனை இடம் காட்டுவீர்கள்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மீதி இடங்களை வேறு நாளுக்குத் தள்ளினால் ஓர் இரவு ஹோட்டல் கூடும், பேருந்து வாடகை கூடும். சரி, கூடட்டும். அதை மறைக்காமல் "முதல் நாள் ஓய்வு, ஓர் இரவு கூடுதல், இவ்வளவு ரூபாய்" என்று தனி வரியாகப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். பணம் கட்டப்போவது பெரும்பாலும் பிள்ளைகள். அந்த வரியைப் பார்த்துவிட்டு அப்பா அம்மாவுக்கு அது வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பெற்றோரோடு வந்த ஒரு பயணி