பேலியகொடைக்குப் போகும் வழியில் உதவிய அண்ணாவுக்கு

தம்பியை விமான நிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு திருகோணமலை திரும்புமுன், கொழும்பில் மாமி வீட்டுக்குப் போக, பேலியகொடைப் பக்கம் போகும் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறினோம். ஜா-எல தாண்டியதும் பின் டயர் வெடித்தது. மணிக்கு 100 கிலோமீற்றரில் வாகனங்கள் பறக்கிற பாதை. ஓரங்கட்டிவிட்டு அம்மாவும் பிள்ளைகளும் வேனுக்குள்ளேயே இருந்தார்கள்.

அப்போதுதான் பின்னால் வந்த நீங்கள் நிறுத்தினீர்கள். "தங்கச்சி, முதல்ல எல்லாரையும் தடுப்புக்கு அங்கால கொண்டு போங்க, வேனுக்குள்ள ஒருத்தரும் இருக்க வேணாம்" என்றீர்கள். அம்மாவின் கையைப் பிடித்து அந்தத் தகரத் தடுப்பைத் தாண்ட வைத்தீர்கள். நன்றாகப் பின்னுக்கு நடந்துபோய் சிவப்பு முக்கோணத்தை வைத்தீர்கள். பிறகு அதிவேகப் பாதையின் அவசர உதவி இலக்கமான 1969க்கு அழைத்து, நாங்கள் நிற்கும் இடத்தைச் சிங்களத்தில் விளக்கினீர்கள். அந்த இலக்கம் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உதவி வாகனம் வரும்வரை நீங்கள் போகவேயில்லை. பெயரைக் கேட்டும் சொல்லவில்லை. 2013இல் திறந்த இந்தப் பாதை பயண நேரத்தைக் குறைத்தது உண்மைதான், ஆனால் அதில் எங்களுக்காக நின்றது நீங்கள் ஒருவர்தான்.

அண்ணா, மனமார்ந்த நன்றி. உப்புவெளிப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறா.